30 கோடி டாலர் திரட்டிய டோக்கன் பாதுகாப்பானதா?

கேள்வியைச் சுருக்கினால் இதுதான்: ஒரு பிளாக்செயின் திட்டம், ஓடுகிற மென்பொருள் எதையும் கண்ணில் காட்டாமலே, பெயர் பெற்ற முதலீட்டு நிறுவனங்களிடம் 30 கோடி டாலர் திரட்டிவிட்டது. இன்னும் சில மாதங்களில் அதன் டோக்கன் (திட்டம் வெளியிடும் டிஜிட்டல் நாணயம்) எக்ஸ்சேஞ்சுக்கு, அதாவது எவரும் வாங்கி விற்கும் சந்தைக்கு, வருகிறது. இவ்வளவு பணம் கையில் இருந்தால் பாதுகாப்புத்தானே, பிறகு ஏன் சிலர் "அளவுக்கு மீறிய நிதி" என்று முகம் சுளிக்கிறார்கள்? மேலே பார்த்தால் இது தொகையைப் பற்றிய கேள்வி. நீங்கள் உண்மையில் தெரிந்துகொள்ள விரும்புவது, அந்த நிறுவனங்கள் வாங்கியதும் நீங்கள் வாங்கப்போவதும் ஒரே சரக்கா என்பது. பெரும்பாலும் இல்லை. விலை வேறு, நிபந்தனை வேறு, வெளியேறும் வழியும் வேறு.

முதலில் செலவுக் கணக்கு. நடுத்தரமான ஒரு புரோட்டோகாலை (பிளாக்செயினில் ஓடும் அடிப்படை மென்பொருளை) எழுதிப் பராமரிக்க 40 பேர் கொண்ட அணி தாராளம். சம்பளம், வரி, காப்பீடு எல்லாம் சேர்த்து ஆளுக்கு மாதம் 12,000 டாலர் என்று வைத்தால் 4.8 லட்சம். சர்வர், பாதுகாப்புத் தணிக்கை, வழக்கறிஞர் கட்டணம் சேர்த்து மாதம் 6 லட்சம், வருடத்துக்கு 72 லட்சம் டாலர். 30 கோடியை இதால் வகுத்துப் பாருங்கள்: நாற்பத்தொரு வருடத்துக்கு மேல் ஓடும். சாதாரண ஸ்டார்ட்அப்பில் ஒன்றரை இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பணம் அடிமட்டத்துக்கு வந்துவிடும். அடுத்த சுற்றுக்குக் கையேந்தும்போது "போன பணத்தில் என்ன செய்தீர்கள், காட்டுங்கள்" என்று யாராவது கேட்பார்கள். நாற்பது வருடச் செலவை முன்பணமாக வாங்கியவர்களிடம் அப்படிக் கேட்க ஆளே இல்லை. விதிவிலக்கு உண்டு. பூஜ்ய-அறிவு நிரூபணம் (தகவலை வெளியிடாமலே அது உண்மை என்று நிரூபிக்கும் முறை) போன்ற கடினமான கணிதத்தில் இறங்கும் அணிகளுக்கு, அதற்கென்றே வன்பொருள் வடிவமைப்பவர்களுக்கு, செலவு இதைப்போல் சில மடங்கு ஆகும். ஆனால் இன்னொரு கடன் செயலி, இன்னொரு விளையாட்டு, ஏற்கெனவே இருப்பதைவிடக் கொஞ்சம் வேகமான இன்னொரு பிளாக்செயின் சங்கிலி என்றால் இந்தக் கணக்கே போதும்.

மிஞ்சிய பணம் சும்மா கிடக்காது, அதுதான் தொல்லை. முதலில் ஆள் பெருகும், பிறகு மானியத் திட்டம் வரும். மானியத்துக்காகவே செயலி எழுதி, மானியம் நின்றதும் அடுத்த சங்கிலிக்குப் போகும் அணிகள் வரும். அடுத்து, பணத்தைக் கொண்டுவந்து வைப்பவர்களுக்கு டோக்கனில் பரிசு. பயனர்கள் மாதம் செலுத்தும் கட்டணம் 1 லட்சம் டாலர், அவர்களுக்குத் திருப்பிக் கொடுக்கும் டோக்கன் 10 லட்சம் டாலர் என்றால், ஒவ்வொரு டாலர் வருமானத்தையும் பத்து டாலர் கொடுத்து வாங்குகிறார்கள் என்று அர்த்தம். அந்த நாள்களில் பயனர்கள் கொண்டுவந்து வைத்த மொத்தத் தொகையின் வரைபடம் அழகாகத்தான் ஏறும். பரிசைப் பாதியாக்கிய வாரமே சரியும். கூட்டம் உண்மையானதா, கூலிக்கு வந்ததா என்று அணிக்கே தெரியாமல் போவதுதான் இதில் பெரிய நஷ்டம்.

இந்தப் பழக்கம் வளர்ந்த விதத்தைப் பார்த்தால் தொகை எப்படித் தேவையை விட்டு விலகியது என்று புரியும். 2014ல் எத்தீரியம் என்ற பிளாக்செயின் திட்டம் 42 நாள் விற்பனையில் 31,000க்கும் மேற்பட்ட பிட்காயின் திரட்டியது, அன்றைய மதிப்பில் சுமார் 1.8 கோடி டாலர். 2017 ஏப்ரலில் நோசிஸ் என்ற திட்டம் உச்ச விலையிலிருந்து இறங்கிவரும் டச்சு ஏலம் நடத்தியது. விலை இறங்கட்டும் என்று யாரும் பொறுக்கவில்லை. சில நிமிடங்களில் 1.25 கோடி டாலர் இலக்கு நிரம்பியபோது மொத்த டோக்கனில் 5 சதவீதம்கூட விற்கவில்லை, மீதி எல்லாம் அணியிடமே தங்கிவிட்டது. உள்ளே வந்தது 1.25 கோடி, அந்த விலையை மொத்த டோக்கனுக்கும் பெருக்கினால் வந்த மதிப்போ சுமார் 30 கோடி டாலர். கொஞ்சம் விற்று, அந்த விலையை எல்லாவற்றுக்கும் ஒட்டிவிடுகிற இந்த வித்தையை அன்று விபத்தாகப் பார்த்தார்கள். பின்னால் அதுவே வழக்கமாகிவிட்டது. அதே வருட ஜூனில் பான்கோர் என்ற திட்டம் சுமார் மூன்று மணி நேரத்தில் 15.3 கோடி டாலர் வாங்கியது. ஜூலையில் டெசோஸ், உச்சவரம்பே வைக்காமல், 23.2 கோடி. பணம் வந்த சில மாதங்களிலேயே டெசோஸ் நிறுவனர்களுக்கும் பணத்தைக் கையில் வைத்திருந்த அறக்கட்டளையின் தலைவருக்கும் வெளிப்படையாகச் சண்டை மூண்டது. முதலீட்டாளர்கள் போட்ட வழக்கு 2020ல் 2.5 கோடி டாலர் சமரசத்தில்தான் முடிந்தது.

உச்சவரம்பு இல்லாத விற்பனை என்றால் என்ன என்பதற்கு ஈஓஎஸ் என்ற டோக்கனைவிட நல்ல பாடம் கிடையாது. அதன் பின்னால் இருந்த பிளாக்.ஒன் நிறுவனம் 2017 ஜூன் முதல் 2018 ஜூன் வரை, 100 கோடி டோக்கனில் 90 கோடியை விற்றது. முதல் ஐந்து நாளில் 20 கோடி டோக்கன். மீதி 70 கோடியை 350 பங்காகப் பிரித்து, 23 மணி நேரத்துக்கு ஒரு பங்கு, அதாவது 20 லட்சம் டோக்கன். அந்த 23 மணி நேரத்தில் எவ்வளவு ஈதர் (எத்தீரியத்தின் நாணயம்) வந்தாலும், வந்தவர்களுக்குள் விகிதப்படி பங்கிடப்படும். விலை என்று ஒன்றை யாரும் அறிவிக்கவே இல்லை, போதும் என்று சொல்லும் இடமும் இல்லை. முடிவில் சேர்ந்தது சுமார் 410 கோடி டாலர். வாங்கிய ஒப்பந்தத்திலேயே இந்த டோக்கன் எந்த உரிமையும் தராது என்று எழுதியிருந்தது. ஆகவே அந்தப் பணம் சட்டப்படி நிறுவனத்தின் பணம், டோக்கன் வைத்திருப்பவருக்கு அதில் ஒரு சென்ட்டும் பங்கில்லை. பதிவு செய்யாமல் விற்றதற்காக அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையமான எஸ்இசி 2019ல் விதித்த அபராதம் 2.4 கோடி டாலர். திரட்டியதில் ஒரு சதவீதம்கூட இல்லை. பணத்தைத் திருப்பிக் கொடுத்த பெரிய உதாரணமும் இருக்கிறது: டெலிகிராம் 2018ல் 170 கோடி டாலர் திரட்டியது, டோக்கன் வெளிவரும் முன்பே எஸ்இசி வழக்குத் தொடுத்தது, 2020ல் 120 கோடிக்கும் மேல் திருப்பித் தர ஒப்புக்கொண்டு திட்டத்தைக் கைவிட்டது.

அதற்குப் பிறகு நேரடியாக மக்களிடம் விற்பது குறைந்து, தனியார் சுற்றுகளே அதிகமாயின. உங்கள் கேள்விக்கு நெருக்கமான இடம் இதுதான், ஆகவே எண்களோடு பார்ப்போம். மொத்தம் 100 கோடி டோக்கன் என்று வையுங்கள். முதல் சுற்றில் 15 கோடி டோக்கன், தலா 2 சென்ட், ஆக 30 லட்சம் டாலர். இரண்டாவதில் 10 கோடி டோக்கன், தலா 10 சென்ட், 1 கோடி டாலர். மூன்றாவதில் 5 கோடி டோக்கன், தலா 40 சென்ட், 2 கோடி டாலர். அணிக்கு 20 கோடி டோக்கன், அறக்கட்டளைக்கு 40 கோடி. சந்தைக்கு வருவது மீதி 10 கோடி மட்டும். முதல் நாள் விலை 1 டாலர் என்றால் மார்க்கெட் கேப், அதாவது சந்தையில் உள்ள டோக்கன்களின் மொத்த மதிப்பு, 10 கோடி டாலர். எல்லா டோக்கனும் வெளியே வந்ததாகக் கொண்டு போடும் மதிப்பு, எஃப்டிவி என்பது, 100 கோடி டாலர். அணியும் முதலீட்டாளர்களும் வைத்திருக்கும் 50 கோடி டோக்கனுக்கு நான்கு வருட வெஸ்டிங் (கொஞ்சம் கொஞ்சமாகத் திறக்கும் ஏற்பாடு), முதல் வருடம் முழுப் பூட்டு. இது சர்வ சாதாரணமான நிபந்தனை. 366ஆம் நாள் கால்வாசி, அதாவது 12.5 கோடி டோக்கன், ஒரே நாளில் திறக்கும். சந்தையில் அதுவரை இருந்ததே 10 கோடிதான். அதற்குப் பிறகு 36 மாதம், மாதாமாதம் சுமார் 1.04 கோடி.

விலை 30 சென்ட்டுக்கு இறங்கினால் யாருக்கு என்ன ஆகிறது? முதல் சுற்றுக்காரர் 15 மடங்கு லாபத்தில் இருக்கிறார், இரண்டாமவர் 3 மடங்கில். மூன்றாமவருக்குக் கால்வாசி நஷ்டம், முதல் நாள் வாங்கிய உங்களுக்கு 70 சதவீதம் நஷ்டம். 15 மடங்கு லாபத்தில் இருப்பவர் விற்பதைத் துரோகம் என்று சொல்ல முடியாது. அவருடைய நிதிக்குப் பணம் கொடுத்தவர்களுக்கு அவர் பதில் சொல்லியாக வேண்டும். அளவுக்கு மீறிய நிதி உங்கள் பையைத் தொடும் வழி இது: பெரிய தொகை வேண்டும் என்றால் கடைசிச் சுற்றின் விலையை உயர்த்த வேண்டும், 40 சென்ட் கொடுத்தவர் இருக்கும்போது 30 சென்ட்டில் பட்டியலிட எளிதில் எவரும் சம்மதிக்க மாட்டார். உங்கள் திட்டம் 30 கோடி டாலருக்கு 20 சதவீத டோக்கனைக் கொடுத்திருந்தால், அவர்கள் கொடுத்த சராசரி விலையே 150 கோடி டாலர் மதிப்பைக் காட்டுகிறது. நீங்கள் பெரும்பாலும் அதற்கும் மேலேதான் வாங்கத் தொடங்குவீர்கள். சந்தையில் குறைவாக விட்டு எஃப்டிவியைத் தூக்கி நிறுத்தும் இந்த முறை எவ்வளவு பரவியது என்றால், 2024 மே மாதம் பைனான்ஸ் எக்ஸ்சேஞ்சின் ஆய்வுப் பிரிவே இதைப் பற்றி எச்சரித்து அறிக்கை போட்டது. 2030 வரை சுமார் 15,500 கோடி டாலர் மதிப்புள்ள டோக்கன்கள் திறக்கப்படும் என்பது அவர்கள் கணக்கு.

பூட்டு என்றால் பூட்டு என்று நம்பிவிடக் கூடாது. கசியும் இடங்கள் தெரிந்தவைதான். பல திட்டங்களில் பூட்டிய டோக்கனையும் ஸ்டேக் செய்யலாம் (வலையமைப்பை இயக்க ஈடாக வைக்கலாம்), அதற்குக் கிடைக்கும் வெகுமதி பூட்டில்லாமல் கைக்கு வரும். வருடத்துக்கு 10 சதவீதம் வெகுமதி என்றால், மேலே சொன்ன 30 கோடி முதலீட்டாளர் டோக்கனிலிருந்து முதல் வருடத்திலேயே 3 கோடி விற்பனைக்குத் தயார். இரண்டாவது, திறக்கும் நாளுக்குச் சில வாரம் முன்பே பெர்பெச்சுவல் ஃபியூச்சர்ஸில் (காலாவதி இல்லாத முன்பேர ஒப்பந்தத்தில்) ஷார்ட் எடுத்து, அதாவது விலை இறங்கினால் லாபம் வரும்படி பந்தயம் கட்டி, விலையைப் பூட்டிக்கொள்வது. டோக்கன் நகரவே நகராது, ஆனால் விற்றதற்குச் சமம். மூன்றாவது, பூட்டிய டோக்கனைத் தள்ளுபடி விலையில் தனியாருக்கு ஒப்பந்தம் போட்டுக் கைமாற்றுவது. நான்காவது மார்க்கெட் மேக்கர், அதாவது சந்தையில் எப்போதும் வாங்கவும் விற்கவும் விலை சொல்லி நிற்பவர்: அணி அவருக்கு டோக்கனைக் கடனாகக் கொடுக்கும், ஒரு குறிப்பிட்ட விலையில் அதையே வாங்கிக்கொள்ளும் உரிமையையும் சேர்த்துக் கொடுக்கும். அந்த விலையைத் தாண்டினால் அவருக்கு விற்கத்தான் ஆசை வரும், தாண்டாவிட்டால் கடனைத் திருப்பிக் கொடுத்துவிட்டுப் போவார். "புழக்கத்தில் உள்ளவை" என்று தளங்கள் காட்டும் எண்ணில் இந்தக் கடன் டோக்கன் சேர்ந்திருக்கிறதா இல்லையா என்பதை வெளியிலிருந்து உறுதியாகச் சொல்ல வழியில்லை.

கஜானாவையும் திறந்து பார்க்க வேண்டும். திரட்டியது 30 கோடி என்றால் இன்றும் 30 கோடி இருக்கிறது என்று பொருளல்ல. ஈதர் 2018 ஜனவரியில் 1,400 டாலர் வரை போய், அந்த டிசம்பரில் 100க்கும் கீழே வந்தது. திரட்டிய ஈதரை மாற்றாமல் அப்படியே வைத்திருந்த 2017 திட்டங்கள், அந்த உச்ச மதிப்பில் பத்தில் ஒன்பது பங்கை இழந்தன. எத்தீரியத்துக்கே இது நடந்தது: விற்பனையின்போது சுமார் 600 டாலராக இருந்த பிட்காயின் 2015 ஜனவரியில் 200க்கும் கீழே போக, அந்த வருட இறுதிக்குள் அறக்கட்டளை கையிருப்பை எண்ணிச் செலவு செய்யும் நிலைக்கு வந்தது. ஸ்டேபிள்காயினில், அதாவது ஒரு டாலருக்குச் சமமாக நிற்க வேண்டிய நாணயத்தில், போட்டால் கவலை இல்லை என்பதும் பாதி உண்மைதான். 2023 மார்ச்சில் சிலிக்கான் வேலி வங்கி விழுந்தபோது, அங்கே 330 கோடி டாலர் இருப்பு மாட்டிக்கொண்டதால் யுஎஸ்டிசி என்ற ஸ்டேபிள்காயின் சில மணி நேரம் 90 சென்ட்டுக்கும் கீழே இறங்கி மீண்டது. இதையெல்லாம்விட மோசம் சொந்த டோக்கனைக் கஜானாவில் எண்ணுவது. அதை விற்கப் போனால் விலை விழும், விழுந்தால் கஜானா சுருங்கும். ஆகவே கணக்குப் பார்க்கும்போது சொந்த டோக்கனுக்குப் பூஜ்யம் போடுங்கள்.

பணம் தாராளமாக இருந்தும் டோக்கனின் விலை கஜானாவைவிடக் கீழே போவதும் உண்டு. அரகான் என்ற திட்டம் 2017ல் சுமார் கால் மணி நேரத்தில் 2.5 கோடி டாலர் திரட்டியது. ஈதர் ஏறியதால் கஜானா பல மடங்கானது. டோக்கனின் மொத்தச் சந்தை மதிப்போ அதைவிடக் குறைந்துவிட்டது. விஷயம் தெரிந்த நிதிகள் டோக்கனை வாங்கிக்கொண்டு பங்கைக் கேட்டு நெருக்க, 2023 நவம்பரில் அதன் சங்கம் கலைப்பை அறிவித்து 86,343 ஈதரை டோக்கன் வைத்திருந்தவர்களுக்கு ஒதுக்கியது. பணம் இருந்தது, அதை வைத்து என்ன செய்வது என்பதில்தான் ஒப்புதல் இல்லை.

பெரிய பெயர்கள் சோதித்துப் பார்த்திருப்பார்கள் என்ற நம்பிக்கை பற்றி அதிகம் சொல்லத் தேவையில்லை. எஃப்டிஎக்ஸ் என்ற கிரிப்டோ எக்ஸ்சேஞ்ச் 2022 ஜனவரியில் 3,200 கோடி டாலர் மதிப்பில் 40 கோடி திரட்டியது, அந்த நவம்பரிலேயே திவாலானது. செக்கோயா என்ற முதலீட்டு நிறுவனம் அதில் போட்ட 21 கோடிக்கும் மேற்பட்ட தொகையை முழுவதும் நஷ்டமாக எழுதித் தள்ளியது. நூறில் பத்து வென்றால் போதும் என்று கணக்குப் போட்டு இறங்குபவர்கள் அவர்கள். ஒரே டோக்கனில் சேமிப்பைப் போடுகிறவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது.

மேலே சொன்ன எண்கள் எல்லாம் பதிவான விவரங்கள் அல்லது வெறும் கூட்டல் பெருக்கல். இனி சொல்வது விவாதத்துக்கு உரியது. அதிகப் பணம்தான் திட்டங்களைக் கெடுத்தது என்று நிரூபிப்பது கடினம். சந்தை உச்சத்தில் இருக்கும்போதுதான் பணம் கொட்டுகிறது, அரைகுறைத் திட்டங்களும் அப்போதுதான் முளைக்கின்றன. எது காரணம், எது கூட வந்தது என்று பிரிப்பது எளிதல்ல. எதிர் உதாரணமும் இருக்கிறது. ஃபைல்காயின் 2017ல் சுமார் 25.7 கோடி டாலர் திரட்டி, மூன்று வருடம் எடுத்துக்கொண்டாலும் 2020 அக்டோபரில் வலையமைப்பை இயக்கிக் காட்டியது. சண்டையில் சிக்கிய டெசோஸும் 2018ல் ஓடத் தொடங்கியது. மறுபக்கம், முதலீட்டாளரே இல்லாமல் தொடங்கிய பிட்காயின் இருக்கிறது, ஆனால் அந்த ஒன்றை வைத்து "பணமே வேண்டாம்" என்று சொல்வதும் சரியல்ல. என் மதிப்பீடு இவ்வளவுதான்: தொகை ஒரு அறிகுறி, நோய் வேறு இடத்தில் இருக்கிறது. வேலை முடியும் முன்பே முதலீட்டாளரால் வெளியேற முடிகிறதா, வேலை நடக்காவிட்டாலும் அணியால் பணத்தை எடுக்க முடிகிறதா? இரண்டுக்கும் ஆம் என்றால் 3 கோடிகூட அதிகம்தான். இரண்டாவதற்கு மருந்தாக, எத்தீரியத்தை உருவாக்கியவர்களில் ஒருவரான விட்டாலிக் புட்டரின் 2018 ஜனவரியில் ஒரு யோசனை சொன்னார். திரட்டிய பணம் ஒப்பந்த நிரலுக்குள்ளேயே (பிளாக்செயினில் தானாக ஓடும் நிரலுக்குள்) இருக்கும், நொடிக்கு இவ்வளவு என்று குழாயில் சொட்டும், டோக்கன் வைத்திருப்பவர்கள் வாக்களித்துச் சொட்டைக் கூட்டலாம் அல்லது குழாயை மூடி மீதியைத் திரும்பப் பெறலாம். நல்ல யோசனைதான். கேட்ட தொகையை மொத்தமாகக் கையில் கொடுக்க ஆள் வரிசையில் நிற்கும்போது குழாயை யார் மாட்டிக்கொள்வார்கள்?

உங்கள் திட்டத்துக்கு வருவோம். 30 கோடி என்ற செய்தியை முதலில் பிரித்துப் படியுங்கள்: அது கையில் வந்த பணமா, மைல்கல் எட்டினால் தருகிறோம் என்ற வாக்குறுதியா, நிறுவனத்தின் பங்குக்குக் கொடுத்ததா, டோக்கனுக்குக் கொடுத்ததா. பங்குக்குக் கொடுத்தது என்றால், லாபம் நிறுவனத்துக்குப் போய் டோக்கன் வெறுங்கையோடு நிற்கும் வாய்ப்பு உண்டு. அடுத்து ஒயிட் பேப்பரில் (திட்டத்தின் விளக்க ஆவணத்தில்) டோக்கன் ஒதுக்கீட்டு அட்டவணையை எடுத்து, முதல் நாள் சந்தைக்கு வருவது எத்தனை சதவீதம், பதின்மூன்றாம் மாதம் திறப்பது எத்தனை சதவீதம் என்று இரண்டு எண்ணை மட்டும் எழுதுங்கள். இரண்டாவது எண் முதலாவதைத் தாண்டினால் அந்த நாள்வரை பொறுத்திருப்பது நல்லது. பூட்டு ஒப்பந்த நிரலில் இருக்கிறதா, காகிதத்தில் மட்டுமா என்று பிளாக் எக்ஸ்ப்ளோரரில் (பிளாக்செயின் பதிவுகளைக் காட்டும் தளத்தில்) பாருங்கள். நிரலில் இருந்தால் முகவரி கொடுப்பார்கள். கேட்டும் கொடுக்கவில்லை என்றால் காகிதத்தில்தான். கஜானா வாலட்டுக்கு எத்தனை கையொப்பம் வேண்டும், கையொப்பமிடுபவர்கள் எல்லாரும் ஒரே நிறுவனத்து ஆட்களா என்பதையும் கேளுங்கள். வர்த்தக அளவு என்று காட்டும் எண்ணை நம்பாதீர்கள், அதைத் தானே வாங்கித் தானே விற்று ஏற்றலாம். அதற்குப் பதில் ஆர்டர் புத்தகத்தில் (எக்ஸ்சேஞ்சில் காத்திருக்கும் வாங்கும், விற்கும் கோரிக்கைகளின் பட்டியலில்) தற்போதைய விலைக்கு 2 சதவீதம் கீழ்வரை எவ்வளவு டாலருக்கு வாங்குவோர் நிற்கிறார்கள் என்று பல நேரங்களில் பாருங்கள். மாதம் 1 கோடி டாலர் டோக்கன் திறக்கும் இடத்தில் 2 லட்சம் டாலருக்குத்தான் ஆள் நிற்கிறார்கள் என்றால் மீதியை நீங்களே கணக்குப் போட்டுக்கொள்ளலாம்.

முதலீட்டாளர்களோடு போட்ட தனிக் கடிதங்கள் மட்டும் இந்தச் சோதனையில் எதிலும் அகப்படாது. விலை இவ்வளவுக்குக் கீழே போனால் கூடுதல் டோக்கன், முன்னதாகத் திறப்பு, பணம் திரும்பக் கேட்கும் உரிமை எல்லாம் அதில் இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஐரோப்பிய ஒன்றியத்தில் வசிக்கும் சில்லறை வாங்குநர் என்றால், 2024 டிசம்பர் 30 முதல் பொதுவான டோக்கன்களுக்கும் நடைமுறைக்கு வந்த மைக்கா என்ற கிரிப்டோ சட்டப்படி, வெளியிடுபவரிடம் நேரடியாக வாங்கியதை 14 நாளுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம். வாங்கும் முன்பே டோக்கன் எக்ஸ்சேஞ்சில் வர்த்தகத்துக்கு வந்துவிட்டால் அந்த உரிமை கிடையாது. உங்கள் கேள்வியில் இருப்பது எக்ஸ்சேஞ்சில் வாங்கும் திட்டம்தான், அதனால் அந்த 14 நாள் உங்களுக்கு இல்லை.